ஆப்பிரிக்க நாடுங்க ஏற்றுமதி இறக்குமதில சுற்றுச்சூழல எப்படி பாக்குறாங்க? புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு ஈஸி விளக்கம்

1988ல வெளிச்சத்துக்கு வந்த கதை. நைஜீரியாவுல கோகோன்னு ஒரு சின்ன துறைமுக ஊரு (சாக்லேட்டுக்கு போடுற கோகோ இல்ல, ஊரு பேரே அதான், அந்த கோகோ கீழ தனியா வருது). அங்க ஒரு விவசாயிகிட்ட, உங்க வீட்டு காலி எடத்துல கொஞ்சம் டிரம்மு அடுக்கி வெச்சுக்கறோம், மாசம் நூறு டாலர் கணக்குக்கு வாடகை தர்றோம்னு பேசி முடிச்சாங்க. அவரும் சரின்னுட்டாரு, சும்மா கெடக்குற எடத்துக்கு வாடகை வந்தா யாரு வேணாம்பாங்க. இத்தாலில இருந்து ஒரு கப்பல் இல்ல, அடுத்தடுத்து அஞ்சு கப்பல் வந்து ஆயிரக்கணக்குல டிரம் எறங்குச்சு. பேப்பர்ல கட்டட வேலைக்கான சாமான், கெமிக்கல்னு போட்டிருந்தாங்க, உள்ள இருந்தது ஃபேக்டரிங்களோட விஷக்கழிவு.

வெயில்ல டிரம்மு வீங்கி ஒழுக ஆரம்பிச்சுது. இத்தாலில படிச்சிட்டு இருந்த நைஜீரிய பசங்க அங்கத்த பேப்பர்ல விஷயத்த பாத்துட்டு ஊருக்கு எழுதிப் போட்டப்புறம்தான் நாட்டுக்கே தெரிஞ்சுது. நைஜீரியா தன்னோட தூதர திருப்பி கூப்பிட்டுச்சு, சம்பந்தமே இல்லாத ஒரு இத்தாலிக் கப்பல புடிச்சு வெச்சுக்கிச்சு, கடைசில இத்தாலியே வந்து எல்லாத்தையும் அள்ளிட்டு போக வேண்டியதா போச்சு. அதுலயும் பாருங்க, அள்ளிட்டு போன கரின் பி கப்பல ஐரோப்பாவுல துறைமுகம் துறைமுகமா உள்ள விடமாட்டேன்னு சொல்ல, அது வாரக்கணக்கா கடல்லயே சுத்துச்சு.

இந்த ஒரு சம்பவத்துலயே நம்ம டாபிக்கோட பாதி இருக்கு. ஐரோப்பாவுல சுற்றுச்சூழல் சட்டம் டைட்டாச்சு, கழிவ ஒழுங்கா அழிக்கற செலவு ஏறுச்சு, அப்போ அத கப்பல்ல ஏத்தி சட்டம் இல்லாத ஊருக்கு அனுப்பறது மலிவு. அதாவது ஒரு நாட்டுல போட்ட நல்ல சட்டமே இன்னொரு நாட்டுக்கு குப்பைய ஏற்றுமதி பண்ணுற பிசினஸ உருவாக்கிருச்சு. நைஜீரியா அதே வருஷம் விஷக்கழிவு கொண்டு வந்தா ஆயுள் தண்டனைன்னு சட்டம் போட்டுச்சு, நாட்டுக்கு சுற்றுச்சூழல் ஏஜென்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சதும் அப்பதான்.

சரி, வர்த்தகக் கொள்கைன்னா என்ன? பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல. ஒரு நாட்டோட வாசல்ல எது உள்ள வரலாம் எது வெளிய போலாம், எவ்ளோ வரி, என்ன பேப்பர் வேணும்னு முடிவு பண்றதுதான். வரிய ஏத்தலாம், மொத்தமா தடை போடலாம், லைசன்ஸ் வாங்கிட்டு வான்னு சொல்லலாம், இல்லன்னா இந்த தரத்துல இருந்தாதான் விடுவேன்னு ஸ்டாண்டர்டு வைக்கலாம். இந்த நாலையும் சுற்றுச்சூழலுக்காக யூஸ் பண்ணா அதான் நாம பேசுற விஷயம். கென்யா 2017 ஆகஸ்ட்ல பிளாஸ்டிக் பைய தடை பண்ணப்ப தயாரிப்பு, விற்பனையோட இறக்குமதியையும் சேத்தே தடை பண்ணாங்க, மீறினா 40 லட்சம் ஷில்லிங் வரைக்கும் அபராதம் இல்லன்னா நாலு வருஷம் வரைக்கும் ஜெயில். ருவாண்டா 2008லயே பண்ணிருச்சு, ஏர்போர்ட்டுல பொட்டிய தொறந்து பிளாஸ்டிக் கவர எடுத்து வெச்சுக்குவாங்க.

ஆனா இஷ்டத்துக்கு வாசல மூட முடியாது. உலக வர்த்தக அமைப்புல மெம்பரா இருந்தா, இறக்குமதிக்கோ ஏற்றுமதிக்கோ தடை போடக்கூடாதுன்னுதான் பொது விதி. அதுக்கு விதிவிலக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, அந்த அமைப்போட அடிப்படை வர்த்தக விதிங்க இருக்கற காட் ஒப்பந்தத்துல 20வது பிரிவு. மனுஷங்க, மிருகங்க, செடிகொடிங்க உயிர காப்பாத்தவும், தீந்து போற இயற்கை வளத்த காப்பாத்தவும் தடை போடலாம், ஆனா அந்த சாக்குல ஒரு நாட்டுக்கு ஒரு நியாயம் இன்னொரு நாட்டுக்கு ஒரு நியாயம்னு இருக்கக்கூடாது. இது எப்படி வேல செய்யுதுன்னு நம்ம ஊரு கேஸே இருக்கு, இறால் கேஸ்னு சொல்லுவாங்க. ஆமை சிக்காத வலைல புடிக்காத இறால வாங்கமாட்டேன்னு அமெரிக்கா சொல்ல, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் சேந்து கேஸ் போட்டாங்க. 1998ல தீர்ப்பு அமெரிக்காவுக்கு எதிரா வந்துச்சு, ஆனா காரணத்த கவனிக்கணும்: ஆமைய காப்பாத்தறது தப்புன்னு சொல்லல, நாட்டுக்கு நாடு பாரபட்சமா நடத்துனது தப்புன்னாங்க. அப்போ நியாயமா செஞ்சா சுற்றுச்சூழலுக்காக வாசல மூடலாம்னு கதவு தொறந்துருச்சு. ஆப்பிரிக்க நாடுங்களும் இந்த பிரிவ நம்பிதான் நிக்கிறாங்க, 2018ல கிகாலில கையெழுத்தான ஆப்பிரிக்க கண்ட சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்துலயும் இதே மாதிரி விதிவிலக்க வெச்சிருக்காங்க.

கோகோ சம்பவத்துக்கு வருவோம். 1989ல பாசல் ஒப்பந்தம் வந்துச்சு, விஷக்கழிவ அனுப்பணும்னா வாங்கற நாட்டுக்கிட்ட முன்கூட்டி சொல்லி சம்மதம் வாங்கணும்னு. ஆப்பிரிக்க நாடுங்களுக்கு அது பத்தல. காசுக்கு தட்டுப்பாடா இருக்கற அரசாங்கத்துக்கிட்ட சம்மதம் வாங்கறது என்ன பெரிய வேலையா? அதனால அவங்களே 1991ல மாலியோட தலைநகரம் பமாக்கோவுல கூடி, கண்டத்துக்கு வெளிய இருந்து விஷக்கழிவு இறக்குமதியே கூடாதுன்னு தனி ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க, 1998ல அமலுக்கு வந்துச்சு. பாசல விட பமாக்கோ கண்டிப்பானது. உலகத்துக்கு ஆப்பிரிக்கா சுற்றுச்சூழல் பாடம் எடுத்த எடம் இதுன்னு நான் சொல்லுவேன், யாரும் பெருசா பேசறதில்ல.

பேப்பர்ல எழுதுனா நின்னுருமா? 2006 ஆகஸ்ட்ல ப்ரோபோ கோலான்னு ஒரு கப்பல், எண்ணெய் வியாபாரம் பண்ற ட்ராஃபிகுரா கம்பெனி வாடகைக்கு எடுத்தது. ஆம்ஸ்டர்டாம்ல கழிவ எறக்கப் பாத்தாங்க, நாத்தம் தாங்கல, செலவு ஜாஸ்தின்னதும் திருப்பி ஏத்திக்கிட்டு கடைசில ஐவரி கோஸ்ட்டோட அபிஜான்ல எறக்குனாங்க. அங்க எடுத்துக்கிட்ட லோக்கல் பார்ட்டி ராத்திரியோட ராத்திரியா ஊரச் சுத்தி பல எடத்துல கொட்டிட்டு போயிட்டான். லட்சம் பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க, சாவும் விழுந்துச்சு. ஐவரி கோஸ்ட் பமாக்கோவுல கையெழுத்து போட்ட நாடுதான். கையெழுத்து இருந்துச்சு, ஆனா கழிவு வர்றத அது தடுக்கல.

இப்ப கழிவுன்னு பேர் இல்லாம வர்ற கழிவு. பழைய துணி. கென்யாவுல மித்தும்பான்னு சொல்லுவாங்க, மூட்டைன்னு அர்த்தம். கானாவுல ஒப்ரோனி வாவு, செத்துப்போன வெள்ளக்காரன் துணின்னு அர்த்தம். (இவ்ளோ நல்ல துணிய உயிரோட இருக்கறவன் எவன் தூக்கிப் போடுவான், செத்துருக்கணும்னு நெனச்சு வெச்ச பேராம்.) அக்ராவுல கண்டமான்டோ மார்க்கெட்டுன்னு ஒண்ணு, உலகத்துலயே பெரிய பழைய துணி மார்க்கெட்டுகள்ல ஒண்ணு. மூட்டைய பிரிக்கற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு வாங்குனவங்களுக்கே தெரியாது. நல்லது வித்துரும், கிழிஞ்சது கறை புடிச்சது எல்லாம் சாக்கடைக்கும் கடலுக்கும் போகுது, இப்ப வர்ற துணில பாலியஸ்டர் ஜாஸ்திங்கறதால மக்கறதும் இல்ல.

கிழக்கு ஆப்பிரிக்க நாடுங்க 2016ல ஒண்ணா சேந்து, 2019க்குள்ள பழைய துணி இறக்குமதிய படிப்படியா நிறுத்துவோம்னு முடிவு எடுத்தாங்க. நேர்மையா சொல்லணும்னா அவங்க முதல் காரணம் சுற்றுச்சூழல் இல்ல, உள்ளூர் துணி மில்ல காப்பாத்தறதுதான், குப்பை பிரச்சனை கூட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ருவாண்டா கிலோவுக்கு 20 சென்ட்டா இருந்த வரிய ரெண்டரை டாலரா ஏத்துச்சு, பன்னெண்டு மடங்குக்கு மேல. உடனே அமெரிக்காவுல பழைய துணி வியாபாரிங்க சங்கம் அரசாங்கத்துக்கிட்ட போய் நின்னுச்சு, எங்க ஆளுங்க 40,000 பேருக்கு வேல போயிரும்னு. அப்போ அமெரிக்கா கைல அகோவான்னு ஒரு சலுகை இருந்துச்சு, 2000ல வந்தது, அதுல ஆப்பிரிக்க நாடுங்க பல சாமான அமெரிக்காவுக்கு வரி இல்லாம அனுப்ப முடிஞ்சுது. அத ரிவ்யூ பண்ணப் போறோம்னு சொன்னாங்க, அவ்ளோதான், கென்யா பின்வாங்குச்சு, தான்சானியாவும் உகாண்டாவும் பின்வாங்குச்சு. கென்யாவ குத்தம் சொல்ல முடியாது, அவங்க ரெடிமேட் துணி கம்பெனிங்க அமெரிக்க ஆர்டர நம்பிதான் ஓடுது, திருப்பூர்காரங்கள கேட்டா ஆர்டர் போறதுன்னா என்னன்னு சொல்லுவாங்க. ருவாண்டா மட்டும் முடியாதுன்னு நின்னுச்சு, 2018 ஜூலைல அதோட துணிக்கு அகோவா சலுகைய நிறுத்திட்டாங்க. ருவாண்டாவோட துணி ஏற்றுமதி ரொம்ப சின்னது, அதனால தாங்குச்சு. பெருசா இருந்திருந்தா?

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, ஆப்பிரிக்க நாடு ஒண்ணு வாசல மூடுனா எதுத்தாப்ல இருக்கறவன் என்ன செய்வான்னு பாக்காம கொள்கைய மட்டும் படிச்சா ஒண்ணும் புரியாது. 2020ல அமெரிக்கா கென்யா வர்த்தக ஒப்பந்தம் பேசுனப்போ அமெரிக்க கெமிக்கல் கம்பெனிங்க சங்கம், பிளாஸ்டிக்குக்கும் ரீசைக்ளிங்குக்கும் கட்டுப்பாடு வைக்காம பாத்துக்கணும்னு லெட்டர் எழுதுனது வெளிய வந்து நாறுச்சு. பை வெச்சிருந்தா ஜெயில்னு சட்டம் போட்ட நாட்ட, ஆப்பிரிக்காவுக்கு பிளாஸ்டிக் அனுப்பற வாசலா ஆக்கலாம்னு யோசிச்சிருக்காங்க.

பழைய காரும் இதே கதை, சுருக்கமா சொல்லிடறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2020ல போட்ட ரிப்போர்ட்படி 2015ல இருந்து 2018 வரைக்கும் ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கால இருந்து 1 கோடியே 40 லட்சம் பழைய வண்டி ஏற்றுமதி ஆச்சு, அதுல நூத்துக்கு 40 ஆப்பிரிக்காவுக்கு. கென்யா எட்டு வருஷத்துக்கு மேல வயசான வண்டிய விடறதில்ல, உகாண்டா 15 வருஷம்னு வெச்சிருக்கு. வண்டி மட்டும் இல்ல, எண்ணெயும் அப்படித்தான், கானாவுல 2017 வரைக்கும் டீசல்ல 3000 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 3000 பங்கு) கந்தகம் வரை அனுமதி, ஐரோப்பாவுல 10தான். அந்த வருஷம் ஜூலைல கானா இறக்குமதிக்கு ஒரேடியா 50ன்னு கொறச்சுச்சு. ஒரு ஸ்டாண்டர்டு நம்பர மாத்துனது, அவ்ளோதான் வேல, ஆனா ஊரோட மூச்சுக்காத்துக்கு அது பெரிய விஷயம்.

இது வரைக்கும் உள்ள வர்றது. வெளிய போறதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் காபோன். நடு ஆப்பிரிக்காவுல சின்ன நாடு, பெட்ரோல் இருக்கு, நாட்டுல நூத்துக்கு எண்பதுக்கு மேல காடுதான். ஒக்கூமேன்னு ஒரு மரம், லேசா வழவழன்னு இருக்கும், பிளைவுட் மேல ஒட்டற தகடுக்கு சூப்பர். காலங்காலமா வெட்டி உருட்டி முழு மரமா கப்பல்ல ஏத்திட்டு இருந்தாங்க, காசு சம்பாதிச்சது எறக்குன நாட்டுல அறுத்தவங்க. 2010ல காபோன் முழு மரமா ஏற்றுமதி கூடாதுன்னு தடை போட்டுச்சு, இங்கயே அறுத்து, சீவி, தகடாக்கி அனுப்பு, வேலைவாய்ப்பு இங்க வரட்டும், ஒரு மரத்துக்கு ஜாஸ்தி காசு கெடச்சா கொஞ்சமா வெட்டினா போதும்னு கணக்கு. மொத வருஷங்கள்ல அடி விழுந்துச்சு, பல பேருக்கு வேலை போச்சு. அப்புறம் தலைநகரம் லிப்ரவில் பக்கத்துல ந்கோக்ங்கற எடத்துல சிங்கப்பூர் ஓலம் கம்பெனியோட சேந்து தொழில் மண்டலம் கட்டுனாங்க, அங்க மரத்தகடு ஃபேக்டரி போட்டவங்கள்ல நெறைய பேரு இந்தியாவுல இருந்து போனவங்க.

இங்கதான் நம்ம வீட்டுக்கே லிங்க் இருக்கு. இந்திய பிளைவுட்காரங்க முன்னாடி பர்மால இருந்து வர்ற கர்ஜன் மரத்த மேல் தகடுக்கு போட்டுட்டு இருந்தாங்க, 2014ல பர்மாவும் முழு மர ஏற்றுமதிய தடை பண்ண, ஆளுங்க காபோன் ஒக்கூமே பக்கம் திரும்புனாங்க. அதனால உங்க வீட்டு பீரோ பிளைவுட்டோட மேல் தோலு காபோன் காட்டு மரமா இருக்க நல்ல வாய்ப்பிருக்கு. ஒரு நாட்டு தடை இன்னொரு நாட்டு காட்டு மேல போய் விழுது பாத்தீங்களா, இதுக்கு கசிவுன்னு சொல்லுவாங்க. காபோன் மூடுனதும் மரக்கம்பெனிங்க பக்கத்து காங்கோ, கேமரூன் பக்கம் பாத்தாங்க, அதான் அந்த வட்டார நாடுங்க எல்லாம் சேந்து ஒரே நேரத்துல தடை போடலாம்னு 2022 ஜனவரிக்கு நாள் குறிச்சு, அப்புறம் தள்ளி வெச்சாங்க.

தடை போட்டா திருட்டு நின்னுருமான்னா அதுவும் இல்ல. 2019ல காபோன்ல ஒவெண்டோ துறைமுகத்துல கெவசிங்கோன்னு வெட்டவே கூடாத மரத்த நூத்துக்கணக்கான கன்டெய்னர்ல புடிச்சாங்க. புடிச்சது சரி, புடிச்சப்புறம் 350க்கும் மேல கன்டெய்னர் காணாமப் போச்சு! சட்டைப்பைல போட்டுட்டு போற சாமானா அது. துணை ஜனாதிபதி பதவியும் காட்டு அமைச்சர் பதவியும் காலி. அந்த கன்டெய்னர்ங்களோட பேப்பர்ல ஒக்கூமேன்னுதான் எழுதியிருந்துச்சு.

இன்னொரு விஷயம், ஆப்பிரிக்கான்னா ஒரே வாய் இல்ல. யானைத் தந்தம் எடுத்துக்கங்க. 1989ல கென்ய ஜனாதிபதி மோய் 12 டன் தந்தத்த குவிச்சு கொளுத்துனாரு, அதே வருஷம் சைட்டிஸ் ஒப்பந்தத்துல (அழியற நெலமைல இருக்கற மிருகங்க, செடிகொடிங்க வியாபாரத்த கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) தந்த வியாபாரத்துக்கு உலகத்தடை வந்துச்சு. 2016ல கென்யா இன்னும் 105 டன்ன கொளுத்துச்சு. ஆனா போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே எல்லாம், எங்க ஊர்ல யானை நெறைய இருக்கு, வயல மிதிக்குது, செத்த யானையோட தந்தத்த வித்து அந்த காச காட்டுக்கே செலவு பண்றோம், ஏன் தடுக்கறீங்கன்னு கேக்கறாங்க, 1999லயும் 2008லயும் ஒரு தடவ விக்க அனுமதியும் வாங்குனாங்க. ரெண்டு பக்கமும் சுற்றுச்சூழல்தான் பேசுது. கழுதைத் தோல் விஷயத்துல மட்டும் ஒத்துமையா நின்னாங்க, சீனாவுல மருந்துக்கு கேக்கறாங்கன்னு கழுதைங்கள அறுத்து தள்ள, 2024 பிப்ரவரில ஆப்பிரிக்க யூனியன் தோலுக்காக கழுதைய அறுக்கறதுக்கு 15 வருஷத் தடைக்கு ஒத்துக்கிச்சு.

இப்ப மூணாவது வாசல், இது ஆப்பிரிக்காவுல இல்ல, எதுத்த முனைல இருக்கு. ஐரோப்பிய யூனியன் 2023ல காடழிப்பு சட்டம் கொண்டு வந்துச்சு. கோகோ (இப்ப சாக்லேட்டு கோகோதான்), காபி, ரப்பர், பாமாயில், சோயா, மாடு, மரம், இந்த ஏழும் அதுல இருந்து செய்யற பொருளும் 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காட்ட அழிச்ச நெலத்துல வந்ததா இருந்தா ஐரோப்பாவுல விக்க முடியாது. நல்ல சட்டம்தானே? ஐவரி கோஸ்ட்டுல காடு முக்கால்வாசிக்கு மேல போனதுக்கு கோகோ ஒரு பெரிய காரணம், அதுல சந்தேகம் இல்ல. ஆனா நிரூபிக்கறது எப்படின்னு பாருங்க, ஒவ்வொரு தோட்டமும் எங்க இருக்குன்னு அட்சரேகை தீர்க்கரேகை குடுக்கணும், நாலு ஹெக்டேருக்கு மேல இருந்தா தோட்டத்த சுத்தி எல்லைக்கோடே வரைஞ்சு குடுக்கணும். உலகக் கோகோல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட், கானா ரெண்டுலயும்தான் வெளையுது, வெளைய வைக்கறவங்க ரெண்டு மூணு ஹெக்டேர் வெச்சிருக்கற சின்ன விவசாயிங்க, பட்டா கூட ஒழுங்கா இருக்காது. ஊர்ல ஏஜென்ட்டு பத்து வீட்டுக் கொட்டைய ஒண்ணா மூட்டை கட்டுவாரு, அதுல எது யாரோடதுன்னு பிரிக்கணும். எத்தியோப்பியால காபிச்செடி காட்டு மரத்து நெழல்லயே வளருது, அது தோட்டமா காடான்னே வாதம் வரும். கானா கோகோ வாரியம் விவசாயிங்க தோட்டத்த எல்லாம் மேப் பண்ண ஆரம்பிச்சிருச்சு, ஐவரி கோஸ்ட் விவசாயிங்களுக்கு அடையாள அட்டை குடுக்குது. 2024 கடைசில அமலுக்கு வர வேண்டிய சட்டம் ரெண்டு தடவ தள்ளிப் போச்சு, தள்ளச் சொல்லிக் கேட்டவங்கள்ல ஐரோப்பிய கம்பெனிங்களே நெறைய.

கார்பன் எல்லை வரின்னு இன்னொண்ணும் இருக்கு, இரும்பு, சிமெண்ட், அலுமினியம், உரம் மாதிரி சாமான் செய்யறப்ப எவ்ளோ கார்பன் வெளிய வந்துச்சோ அதுக்கு ஐரோப்பால காசு கட்டணும், 2023 அக்டோபர்ல கணக்கு குடுக்கறதுல ஆரம்பிச்சு 2026ல இருந்து உள்ள வர்ற சாமானுக்கு நெஜமா கட்டணும். மொசாம்பிக்கோட அலுமினியம் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குத்தான் போயிட்டு இருந்துச்சு. உலகத்துப் புகைல ஆப்பிரிக்காவோட பங்கு ரொம்பச் சின்னது, அந்த பில்லு மட்டும் எங்களுக்கு ஏன் வருதுன்னு அவங்க கேக்கறதுல எனக்கு தப்பு தெரியல. வசூலாகற காச திருப்பி அந்த நாடுங்களோட ஃபேக்டரிய மாத்தக் குடுத்தா கதை வேற, அப்படி கட்டாயம் எதுவும் அந்த சட்டத்துல இல்ல.

இதுல மேல படிக்கணும்னு நெனைக்கறவங்க பெரிய ரிப்போர்ட்டுல ஆரம்பிக்காதீங்க, தூக்கம் வந்துரும். ஏதாவது ஒரு நாட்டோட கஸ்டம்ஸ் வரிப் புத்தகத்த நெட்ல எடுங்க. சாமானுக்கெல்லாம் உலகம் பூரா ஒரே கோடு நம்பர் இருக்கு: போட்டுக் கழட்டுன பழைய துணி 6309, முழு மரம் 4403, மரத்தகடு 4408. ருவாண்டாவுல 6309க்கு நேரா என்ன வரி போட்டிருக்காங்க, பக்கத்துல உகாண்டாவுல என்னன்னு பாருங்க. அப்புறம் காபோன் 4403யும் 4408யும் 2010க்கு முன்னாடி எவ்ளோ போச்சு பின்னாடி எவ்ளோ போச்சுன்னு ஐ.நா.வோட காம்ட்ரேடு சைட்டுல ஃப்ரீயாவே பாக்கலாம். கெவசிங்கோவ மட்டும் தேடாதீங்க, அது அந்த நம்பர்ல வந்திருக்காது.